தொண்ணூற்றொன்பதாம் அன்பியம்

எனக்கு ஒரு கெட்ட பழக்கம் உண்டு. நன்றாக ஓடிக்கொண்டிருக்கும் எதைப் பார்த்தாலும், இதை இன்னும் நன்றாக ஓட வைக்கலாமே என்று கை பரபரக்கும். அம்மாவின் மிக்ஸி, அப்பாவின் கைக்கடிகாரம், தம்பியின் சைக்கிள் எல்லாம் இந்தப் பரபரப்புக்குப் பலியானவை. ஆனாலும் ஒரு பங்குக் கோயிலில் இறந்துபோனவர்கள் அத்தனை பேரையும் ஒரே மத்தியானத்தில் உயிரோடு எழுப்பிவிட்டதுதான் நான் செய்ததிலேயே பெரிய வேலை. (பெருமைக்குச் சொல்லவில்லை. பாவசங்கீர்த்தனத்தில் சொல்லியாகிவிட்டது. கேட்டுக்கொண்டிருந்த சாமியார் சிரித்துவிட்டார். அந்தப் பாவமன்னிப்பு செல்லுமா என்று இன்றுவரை தெரியவில்லை.)

அப்போது கம்ப்யூட்டர் சயின்ஸ் படிப்பை முடித்துவிட்டு, பெங்களூரில் கிடைத்த வேலைக்கு அழைப்பு வருவதற்காகத் திண்டுக்கல்லில் வீட்டில் உட்கார்ந்திருந்தேன். நான் உட்கார்ந்திருப்பதை அம்மாவால் பார்க்க முடியவில்லை. சும்மாத்தானே இருக்கிறாய் பிலோ, கோயிலுக்காவது ஏதாவது செய்து கொடு என்று பங்கு அலுவலகத்துக்குத் தள்ளிவிட்டார்.

அங்கே ஒரு பழைய கம்ப்யூட்டர் இருந்தது. அதில் பங்கு மக்களின், அதாவது இந்தக் கோயிலைச் சேர்ந்த குடும்பங்களின், விவரம் வைக்கும் ஒரு பழைய புரோகிராம். குருமடத்தில் படித்துக்கொண்டிருந்த ஒரு பிரதர் எந்தக் காலத்திலோ எழுதிக் கொடுத்தது. பெயர், பிறந்த தேதி, ஞானஸ்நானம், கல்யாணம், அன்பியம் எண், அவ்வளவுதான் அதில் இருக்கும். நாலைந்து தெருக்காரர்கள் சேர்ந்து வாரம் ஒரு வீட்டில் கூடிச் செபிக்கிற குழுவுக்குத்தான் எங்களிடம் அன்பியம் என்று பெயர். எங்கள் பங்கில் இருபத்துநான்கு அன்பியங்கள். இந்தப் புரோகிராமை, சாமியாருக்கு உதவியாகக் கோயில் வேலைகளைப் பார்க்கும் உபதேசியார் சவரிமுத்து ஒற்றை விரலால் தட்டித் தட்டிப் பன்னிரண்டு வருடமாக ஓட்டிக்கொண்டிருந்தார்.

புதிதாக மாற்றலாகி வந்த பங்குத்தந்தைக்கு அதன் புது வெர்ஷன் வேண்டியிருந்தது. அதில் ஒழுங்கான தமிழ் எழுத்து வரும், போனிலும் பார்க்கலாம். உபதேசியாருக்கு இதில் இஷ்டமே இல்லை. நல்லாத்தானே ஓடுது என்றார். நான் அவருக்கு வெர்ஷன் என்றால் என்ன என்று அரை மணி நேரம் வகுப்பு எடுத்தேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, ஏதாவது புரியாவிட்டால் தன்னிடம் ஒரு வார்த்தை கேட்கச் சொன்னார். ஒற்றை விரலால் தட்டுகிறவரிடம் நான் என்ன கேட்பது? அந்தத் திமிரை நினைத்தால் இன்றைக்கும் என்னை நானே ஓங்கி ஒரு அறை விடலாம் போல இருக்கிறது.

பழைய விவரங்களைப் புது வெர்ஷனுக்கு மாற்றும்போது அது முரண்டு பிடித்தது. நூற்றுக்கணக்கான பேருக்கு அன்பியம் எண் தொண்ணூற்றொன்பது என்று இருக்கிறது, அப்படி ஓர் அன்பியமே பட்டியலில் இல்லை என்றது. எனக்குச் சிரிப்பு வந்தது. பாவம், பெரியவர் ஒன்பதை இரண்டு தரம் அமுக்கிவிட்டார் என்று முடிவு கட்டினேன். (ஒரு மனிதர் நூற்றுக்கணக்கான தடவை அதே தப்பை அதே மாதிரி செய்வாரா என்று யோசிக்க முதல் வகுப்பில் தேறிய என் மூளைக்குத் தோன்றவில்லை.) இவர்களை அவரவர் குடும்பம் இருக்கும் அன்பியத்துக்கே மாற்றிவிடட்டுமா என்று புது வெர்ஷனே கேட்டது. ஆமாம் என்று அமுக்கினேன். இறந்த தேதிக்கென்று அதில் ஒரு கட்டம் இருந்தது. எல்லாருக்கும் அது காலியாக இருந்தது. அதுவும் என் கண்ணில் பட்டது, கருத்தில் படவில்லை.

பேக்கப் எடுத்தேனா என்று கேட்பீர்கள். எடுத்தேன். அதே கம்ப்யூட்டரின் டி டிரைவில் எடுத்தேன். பிறகு புது வெர்ஷன்தான் இணையத்தில் பத்திரமாக இருக்கிறதே என்று, கம்ப்யூட்டருக்குப் புது விண்டோஸ் போடுவதற்காக, டி டிரைவையும் சேர்த்து மொத்தமாக ஃபார்மட் செய்தேன்.

அடுத்த ஞாயிறு. எங்கள் கோயிலில் பூசை முடிந்ததும் அந்த வாரம் பிறந்தநாள் வருகிறவர்களின் பெயரை வாசிப்பார்கள். அவர்கள் பீடத்துக்கு முன்னால் வந்து நிற்க, சாமியார் தலையில் கைவைத்து ஆசீர்வதிப்பார். புது வெர்ஷன் அச்சடித்துக் கொடுத்த பட்டியலை நானே வாசிக்கிறேன் என்று மைக்கைப் பிடித்துக்கொண்டேன். புதுச் சுடிதார் வேறு. முதல் இரண்டு பேர் வந்தார்கள். மூன்றாவதாக, "தலைமையாசிரியர் செபஸ்தியான் அவர்கள்" என்று வாசித்தேன்.

யாரும் வரவில்லை. இருந்தாலும் அந்தப் பெயரைக் கேட்டதும் கோயிலில் பாதி ஆண்கள் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள். அவரிடம் அடி வாங்காதவர்கள் எங்கள் ஊரில் குறைவு. நான் மறுபடியும் சத்தமாக வாசித்தேன். பங்குத்தந்தை ஊருக்குப் புதியவர், அவருக்கு ஒன்றும் தெரியாது. மைக்கை வாங்கி, கனிவாகச் சொன்னார்.

"சார் வயசானவங்களா இருப்பாங்க. மெதுவா வரட்டும். காத்திருப்போம்."

கோயிலே அமைதியாகக் காத்திருந்தது. எல்லாரும் திரும்பி வாசலையே பார்த்தார்கள். நானும் பார்த்தேன். இதில் கொடுமை என்னவென்றால், அந்த சாரின் அடக்கத்துக்கு நானே போயிருக்கிறேன், மாலைகூடப் போட்டிருக்கிறேன். ஆனாலும் கம்ப்யூட்டர் அச்சடித்திருக்கிறதே, ஒருவேளை என் ஞாபகம்தான் தப்போ என்று ஒரு நொடி சந்தேகப்பட்டேன். கடைசியில் சாரின் மகன் எழுந்து வந்து பங்குத்தந்தையின் காதில் ஏதோ சொன்னார். பங்குத்தந்தை என்னைப் பார்த்தார். நான் பட்டியலைப் பார்த்தேன். அடுத்த பெயரும் கல்லறையில் இருப்பவருடையதுதான்.

எங்கள் வீட்டில் இன்றுவரை ஓடுகிற வேடிக்கை இது. யாராவது சாப்பிட வரத் தாமதமானால் போதும், தம்பி ஆரம்பித்துவிடுவான், சார் வயசானவரு, காத்திருப்போம் என்று. கேக் வெட்டும்போதும் அதுதான், பொண்ணு பார்க்க வந்தவர்கள் முன்னாலும் அதுதான். என் கணவர் வீட்டுக்காரர்களுக்கும் இப்போது அது மனப்பாடம். எல்லாரும் சிரிப்பார்கள், நானும் சிரிப்பேன். கதை அத்தோடு முடிகிறது என்றுதான் அவர்கள் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள்.

அது அத்தோடு முடியவில்லை. பூசை முடிந்து அலுவலகத்துக்குப் போனால், உபதேசியார் அந்தப் புதுத் திரைக்கு முன்னால் இடிந்துபோய் உட்கார்ந்திருந்தார்.

"அந்த பிரதர் செத்தவங்களுக்குன்னு எடமே வைக்கலம்மா பிலோ. சின்ன வயசு, சாவப் பத்தி நெனச்சிருக்க மாட்டாரு. அதான் நான் அவுகளுக்குன்னு ஒரு அன்பியம் வச்சிருந்தேன். தொண்ணூத்தொம்போது. எங்க அது?"

நான் அவர்களை எல்லாம் அவரவர் வீட்டுக்குத் திருப்பி அனுப்பிவிட்டேன் என்று எப்படிச் சொல்வது? சொன்னேன். அவர் திட்டவில்லை. கல்லறைத் திருநாளுக்கு இன்னும் மூன்று வாரம்தான் இருக்கிறது என்றார். அன்றைக்குக் கல்லறைத் தோட்டத்தில் அந்தத் தொண்ணூற்றொன்பதாம் அன்பியத்தின் பெயர்களைத்தான் ஒவ்வொன்றாக வாசிப்பது வழக்கம். இங்கே அடக்கம் ஆனவர்களுடைய பெயர்கள் பழைய மரணப் பதிவேட்டில் இருந்தன. வெளியூரில் இறந்து அங்கேயே அடக்கம் ஆனவர்களின் பெயர், வீட்டார் சொல்லி உபதேசியார் கம்ப்யூட்டரில் ஏற்றியது மட்டும்தான்.

"அவுகளுக்கு இங்க கல்லறை கெடையாது. வருசத்துக்கு ஒருதரம் பேரு வாசிக்கிறதுதான். அதுவும் விட்டுப்போச்சுன்னா வீட்டாளுக்கு ஒண்ணுமே இல்ல," என்றார்.

அதனால் நான் ஒரு நோட்டோடு வீடு வீடாகக் கிளம்பினேன். காலங்காத்தாலே கதவைத் தட்டி, உங்கள் வீட்டில் யாராவது வெளியூரில் இறந்திருக்கிறார்களா என்று கேட்பதற்கு நல்ல முகம் எதுவும் கிடையாது. ஒருவர் வாசலிலேயே தண்ணீர் தெளித்தார். இன்னொரு வீட்டில், கட்டிலில் படுத்திருந்த தாத்தாவை நான் தயக்கத்தோடு பார்த்ததை அவரே கவனித்துவிட்டு, இன்னும் இல்லைத்தா, ஆனதும் சொல்லிவிடுறேன் என்றார். செபஸ்தியான் சாரின் வீட்டில் காப்பி கொடுத்தார்கள்.

கடைசி நாள், ரெட்டியார்சத்திரம் போகும் ரோட்டில் பங்கின் கடைசித் தெரு. மண்டையைப் பிளக்கும் வெயில். ரோணிக்கம் என்ற அக்காவின் வீடு பூட்டியிருந்தது. அவர் மில் வேலைக்குப் போகிறவர், சாயங்காலம்தான் வருவார் என்றார்கள். வேறு ஊரிலிருந்து இங்கே குடிவந்தவர், எனக்கு அவ்வளவாகப் பழக்கமில்லை. புது வெர்ஷனில் அவர் பெயருக்கு மேலே அந்தோணிசாமி என்று கணவரின் பெயர் பளிச்சென்று இருந்தது. சாயங்காலம் மறுபடி வந்தால் ஆயிற்று. எனக்குப் பசி. நோட்டில் அந்த வீட்டுக்கு நேரே "மாற்றம் இல்லை" என்று எழுதிவிட்டு வீட்டுக்குப் போய் மட்டன் குழம்பு சாப்பிட்டுத் தூங்கினேன். உபதேசியார் நோட்டை ஒவ்வொரு பக்கமாகப் புரட்டி என்னிடம் கேட்டார், எல்லா வீட்டுக்கும் போனாயா என்று. போனேன் என்றேன்.

கல்லறைத் திருநாள் சாயங்காலம் தோட்டம் முழுக்கக் கூட்டம். அவரவர் கல்லறையில் பூவும் மெழுகுவர்த்தியும் வைத்தார்கள். இங்கே கல்லறை இல்லாதவர்கள் நடுவில் இருக்கும் பெரிய சிலுவையின் அடியில் நின்றார்கள். தங்கள் ஆளின் பெயர் வந்ததும் அவர்கள் மெழுகுவர்த்தியைக் கொளுத்தி வைப்பது வழக்கம். உபதேசியார் வாசித்து முடித்தார். பங்குத்தந்தை கல்லறைகளுக்குத் தீர்த்தம் தெளித்து மந்திரித்துவிட்டு அடுத்த ஊருக்குக் கிளம்பிப் போனார். கூட்டம் கலைந்தது. சிலுவையடியில் ஒரே ஒருவர் மட்டும், மெழுகுவர்த்தியைக் கொளுத்தாமல் கையில் பிடித்தபடி நின்றார். மில் சேலையை மாற்றக்கூட நேரமில்லாமல் வந்திருந்தார்.

"எங்க வீட்டுக்காரர் பேரு வரலையே பாப்பா," என்றார் என்னிடம்.

லாரி ஓட்டப் போனவராம். நாக்பூர் பக்கம் விபத்து. கொண்டுவர வழியில்லாமல் அங்கேயே அடக்கம் செய்திருக்கிறார்கள். அந்த இடத்தை ரோணிக்கம் அக்கா பார்த்ததே இல்லை. நான் எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். கம்ப்யூட்டரில் நான் செய்த குளறுபடி, பூட்டிய வீடு, வெயில், பசி, நான் எழுதிய இரண்டு வார்த்தை. இப்போதே உபதேசியாரைக் கூப்பிடுகிறேன், உங்கள் வீட்டுக்காரர் பெயரை மட்டும் தனியாக வாசிக்கச் சொல்கிறேன் என்று அழுதேன். அக்கா என் கையைப் பிடித்து நிறுத்தினார்.

"அப்ப ஒங்க கம்ப்யூட்டருல அவரு இன்னும் இருக்காருல்ல?"

இருக்கிறார் அக்கா என்றேன்.

"விடு பாப்பா. இந்த ஒரு வருசம் உயிரோட இருந்துட்டுப் போறாரு."

சொல்லிவிட்டு, கொளுத்தாத மெழுகுவர்த்தியைப் பைக்குள் போட்டுக்கொண்டு பஸ்ஸுக்கு நடந்தார்.