காதால் பார்த்த சாட்சி

கம்பெனிகளின் இணையதளங்களை மாற்றுத்திறனாளிகளும் சிரமமின்றிப் பயன்படுத்த வகை செய்ய வேண்டும் என்று மேலிடத்திலிருந்து ஓர் உத்தரவு வந்தது. அச்சங்குளத்தில் பட்டாசுக் கம்பெனி நடத்தும் சீனிவாசகம் அதை நிதானமாகப் படித்தார்.

"கண்ணு தெரியாதவுக மத்தாப்பு வாங்கி என்ன செய்யப் போறாக?" என்று கேட்டார்.

உத்தரவைக் கொண்டுவந்த அதிகாரி முனியராஜ், "சான்றிதழ் குடுப்போம். விழா உண்டு, சால்வை உண்டு," என்றார்.

சீனிவாசகத்துக்கு அந்த நிமிஷமே சமூக அக்கறை வந்துவிட்டது.

வேலை பாண்டிலட்சுமியிடம் போனது. அவள் கம்பெனியின் கம்ப்யூட்டர் ஆபரேட்டர். அவள் அம்மா வெள்ளைத்தாய் அதே கம்பெனியில், நாலாம் நம்பர் ஷெட்டில் திரி வைக்கிறவள். தளத்தில் உள்ள ஒவ்வொரு படத்துக்கும் ஒரு வர்ணனை எழுத வேண்டும். அது திரையில் தெரியாது. பார்வையற்றவரின் போன் மட்டும் அதை வாசித்துச் சொல்லும்.

"படத்துல என்ன இருக்கோ அதக் கூட்டாம கொறைக்காம எழுதும்மா," என்றார் முதலாளி.

அவள் அப்படியே எழுதினாள். 'எங்கள் நிறுவனர்' படத்துக்கு: "மீசைக்கு மை தீட்டிய ஒருவர் போனில் பேசுகிறார். போன் தலைகீழாக இருக்கிறது." 'மகிழ்ச்சியான பணிச்சூழல்' படத்துக்கு: "நான்கு பெண்கள் சிரித்துக்கொண்டு திரி வைக்கிறார்கள். பின்னால் அவசர வழி. அதை மறித்து அட்டைப்பெட்டிகள். கதவில் பூட்டு."

முனியராஜ் தளத்தைத் திறந்து கண்குளிரப் பார்த்தார். காதில் எதுவும் வாங்கவில்லை. சான்றிதழும் சால்வையும் முறைப்படி வழங்கப்பட்டன.

மறுவாரம் சாத்தூர் பட்டாசு வியாபாரி தவுபிக் போன் செய்தார். அவருக்குப் பிறவியிலேயே பார்வை கிடையாது.

"மொதலாளி, ஷெட்டுல அவசர வழிய மறிச்சுப் பெட்டி அடுக்கியிருக்கீகளே, எடுத்தாச்சா?"

"பாய், நீங்க எப்ப இங்கன வந்தீக?"

"வரலியே. உங்க வெப்சைட்டுல பாத்தேன். பூட்டுகூட நல்லாத் தெரியுது."

சீனிவாசகம் பாண்டிலட்சுமியைக் கூப்பிட்டார்.

"ஊரு பூராம் அந்தப் படத்தப் பாத்துச்சு. ஒருத்தரும் கேக்கல. அவருக்கு மட்டும் ஏம்மா காட்டுன?"

"சார், பெட்டிய எடுத்துட்டா நான் எழுதுன வரியயும் எடுத்துருவேன். எங்கம்மா அங்கனதான இருக்கு."

"பெட்டிய எடுக்கணும்னா குடோன் தேடணும். வரிய எடுக்க ஒரு நிமிஷம் போதும்."

அவரே உட்கார்ந்து வர்ணனையை அழித்துவிட்டு, 'அழகிய அறை' என்று தட்டினார். சாயங்காலம் மறுபடியும் போன்.

"மொதலாளி, காலையில நாலு பொம்பளைக இருந்தாக. இப்ப அறை மட்டுந்தான் இருக்கு. அவுக எங்க?"

சீனிவாசகம் போனை வைத்துவிட்டார். தவுபிக் புகார் கொடுத்தார். விசாரித்தவரும் முனியராஜ்தான், சான்றிதழ் கொடுத்தவரைவிட அந்தத் தளத்தை அறிந்தவர் வேறு யார்?

"பெட்டியக் கண்ணால பாத்தீங்களா?"

"இல்ல சார். காதால பாத்தேன். ஒருநட ஷெட்டுக்குப் போய்ப் பாத்துருவமே."

"புகார் வெப்சைட்டப் பத்தி. ஷெட்டப் பாக்கறது வேற இலாகா."

தினமும் அந்தத் தளத்தில் ஆர்டர் போடும் வியாபாரிகளும் அழைக்கப்பட்டார்கள். தள்ளுபடி எம்புட்டு என்பதைத் தவிர எதையும் பார்த்ததில்லை என்று எல்லாரும் உண்மையைச் சொன்னார்கள். முடிவு எழுதப்பட்டது: "பார்வையுள்ள அனைவரும் எதையும் பார்க்கவில்லை என ஒருமனதாகக் கூறியிருப்பதாலும், பார்த்ததாகக் கூறுபவருக்குப் பார்வை இல்லாததாலும், மேற்படி அட்டைப்பெட்டிகள் இல்லை எனத் தீர்மானிக்கப்படுகிறது."

அன்று மதியம் வேப்பமரத்தடியில் படத்திலிருந்த நான்கு பெண்களும் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது, பாண்டிலட்சுமி தான் முதலில் எழுதிப் போனில் சேமித்து வைத்திருந்ததைப் படித்துக் காட்டினாள்.

வெள்ளைத்தாய் உச்சுக் கொட்டினாள். "பாவம், எந்தக் கம்பெனிடி அது? அங்கனல்லாம் யாரு வேலைக்குப் போவா?"

"நீதாம்மா போற."

வெள்ளைத்தாய் மெல்லுவதை நிறுத்தித் திரும்பி ஷெட்டைப் பார்த்தாள். மற்ற மூவரும் பார்த்தார்கள். வருஷக்கணக்காக அவர்கள் தூக்குவாளி வைப்பது அந்தப் பெட்டிகள் மேல்தான்.

நால்வரும் கை கழுவினார்கள். பெட்டிகளை ஒவ்வொன்றாகச் சுமந்து வந்து முதலாளி அறையின் வாசலில் அடுக்கினார்கள். அவசர வழிப் பூட்டின் சாவியைக் கொடுத்தால் பெட்டிகளை எடுத்துவிடுவதாகச் சொன்னார்கள். உள்ளே சீனிவாசகமும் முனியராஜும் பிரியாணி சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள்.

முனியராஜ் நிமிர்ந்து பார்த்தார். சோற்றுக் கையோடு எழுந்தார்.

"என்ன சார் இது, வழிய மறிச்சுப் பெட்டி அடுக்கியிருக்கு? தீ கீ பிடிச்சா எப்படி வெளிய போறது? மொதல்ல அந்தச் சாவியக் குடுங்க."

சாவி வந்தது. ஷெட்டின் கதவு திறந்தது. பெட்டிகளுக்குக் குடோனும் கிடைத்தது.

அதிகாரியின் கண்பார்வையில் எந்தக் குறையும் இல்லை என்பது அன்றைக்குத்தான் எல்லாருக்கும் தெரியவந்தது.