ரோஸ்லின் டீச்சர் வீட்டில் ஒரு கேள்வி

மனைவி வீட்டில் இல்லாத நேரமாகப் பார்த்து ஒரு மனிதரிடம் குடும்பம் எப்படி நடக்கிறது என்று கேட்டால், சொர்க்கமே மேற்குத் தாம்பரத்தில்தான் இருக்கிறது என்பார். எழுபதுகளின் தொடக்கத்தில் ஒரு சமூகவியல் பேராசிரியரிடம் ஆய்வு உதவியாளனாகச் சேர்ந்தபோது எனக்கு இது தெரியாது. நாற்பத்தைந்து வயதைத் தாண்டியவர்களிடம், வேலையால் வீட்டுக்கு எவ்வளவு தொந்தரவு, வீட்டால் வேலைக்கு எவ்வளவு தொந்தரவு என்று கேட்டு, ஐந்துக்கு மதிப்பெண் போட்டு வர வேண்டும். (எனக்கு நிரந்தர வேலையும் இல்லை, குடும்பமும் இல்லை. ரொம்பப் பொருத்தமான ஆள்!)

சித்திரை வெயிலில் சைக்கிள் மிதித்து முதல் வீட்டுக்குப் போனேன். தேவசகாயம் சார் தொழிற்சாலை ஃபோர்மன். சனிக்கிழமை அரைநாள் முடிந்து சாய்வு நாற்காலியில் படுத்திருந்தார்.

"வீட்டால தொந்தரவா? சேச்சே! ஜீரோ போடுப்பா."

போட்டேன். அந்த நேரம் பார்த்து அவர் மனைவி ரோஸ்லின் டீச்சர், ஒரு கையில் விடைத்தாள் கட்டும் மறு கையில் காய்கறிப் பையுமாக உள்ளே வந்தார். விஷயத்தைக் கேட்டுக்கொண்டார்.

"என்னைக் கேக்க மாட்டியா தம்பி? எனக்கும் நாப்பத்தெட்டு ஆகுது. நானும் வேலைக்குத்தான் போறேன்."

"இல்ல டீச்சர், குடும்பத் தலைவரை மட்டும்தான்…" என்றேன். அதோடு வாயை மூடியிருக்கலாம். "நீங்க வீட்டுக் கணக்குல வர்றீங்க" என்று விளக்கம் வேறு.

டீச்சர் பையைக் கீழே வைத்தார்.

"எந்திரிங்க" என்றார் கணவரிடம். "நான் உக்காந்து பதில் சொல்லணும். நீங்க போய் காபி போடுங்க."

சார் போனார். சமையலறையிலிருந்து பம்ப் ஸ்டவ் சீறியது. பிறகு இருமல். பிறகு, "தம்பி, கொஞ்சம் வாயேன்!"

(வெந்நீர்கூட வைத்தறியாத நானும் போனேன்.) இரண்டு மேதைகளும் மாறி மாறி பம்ப் அடித்ததில் தீ எழும்பி ஜன்னல் திரையைப் பிடித்தது. பதறிப்போய் பக்கத்திலிருந்த பானையைத் தூக்கித் திரைமேல் ஊற்றினேன். தீ அணைந்தது. வீட்டிலிருந்த மொத்தக் குடிதண்ணீரும் தீர்ந்தது.

டீச்சர் வந்து சமையலறை வாசலில் நின்று பார்த்தார். கத்தவில்லை. கத்தியிருந்தால் தேவலை.

"விடியக்காலையில வரிசையில நின்னு பிடிச்ச தண்ணி அது. ரெண்டு பேரும் ஆளுக்கொரு குடத்தை எடுங்க."

எடுத்தோம். முகமெல்லாம் கரியோடு ஃபோர்மன் முன்னால். சமூகவியல் பட்டதாரி பின்னால். பம்படியில் நின்ற ஒரு அம்மா விடுவாளா?

"இன்னா சார், டீச்சர் வூட்ல இல்லியா? நீங்க குடம் தூக்கிகினு வர்றீங்க?"

பதில் சொல்ல வாய் திறந்த சார், எதிரே டைப்ரைட்டிங் வகுப்பு முடிந்து வந்த தன் மகள் ஃப்ளோராவைப் பார்த்து மூடிக்கொண்டார். அவள் எங்கள் கோலத்தைப் பார்த்துச் சிரித்த சிரிப்பில், அப்போதுதான் நிறைத்துத் தூக்கிய குடத்தை நான் கீழே போட்டேன். மறுபடி பம்ப்.

அந்த ஃப்ளோராவைத்தான் பின்னாளில் கல்யாணம் செய்துகொண்டேன். மாமியார் இருந்தவரை, வீட்டுக்கு வருகிற ஒவ்வொருவரிடமும் இந்தக் கதையைச் சொல்லிக்கொண்டிருந்தார். இப்போது அந்தப் பொறுப்பை என் மனைவி ஏற்றிருக்கிறாள்:

"எல்லாரும் பொண்ணு பார்க்க வந்தா பஜ்ஜி சாப்பிட்டுப் போவாங்க. இவர் சமையல்கட்டைக் கொளுத்திட்டுப் போனாரு!"