டைட்டானியம் சைக்கிளும் டெய்லர் அளவும்

அன்னிக்கு எனக்கு இருந்த வேலை ஒண்ணே ஒண்ணுதான். ஒரு சைக்கிளுக்காக என் உடம்பை அளந்துட்டு வரணும்.

சைக்கிளுக்கு எதுக்குய்யா உடம்பை அளக்கணும்னு கேக்கறீங்களா? நானும் அப்படித்தான் இருந்தேன், ஒரு பிரவுசிங் சென்டர்ல போய் உக்காரற வரைக்கும்.

ரெண்டாயிரத்து மூணு, நாலு இருக்கும். வீடு காலடிப்பேட்டை. வேலை எண்ணூர்ல ஒரு கெமிக்கல் கம்பெனியில, மெயின்டனன்ஸ். நடுவுல இருக்கற கடல்காத்து எந்த சைக்கிளையும் விட்டு வெக்காது, முறுக்கு மாதிரி நொறுக்கித் தின்னுடும்.

ஆனா எங்க கம்பெனியில உப்புத்தண்ணி ஓடற டைட்டானியம் பைப்பு மட்டும் புது மாப்பிள்ளை மாதிரி பளபளன்னு இருக்கும்.

அதுலயே சைக்கிள் செஞ்சா?

இன்டர்நெட்ல தேடினேன். வெளிநாட்டுல செய்யறானுங்க! ஆளோட கால் நீளம், கை நீளம் அளந்து, அவனுக்குன்னே ஃபிரேம் கட்டறானுங்க. அவ்ளோதான், தலைக்கு ஏறிடுச்சு. சாத்தாங்காடு இரும்பு மார்க்கெட்டுல அலைஞ்சு புது பைப்பு துண்டுங்களைத் தேத்திட்டேன். வெல்டிங்குக்கு என் தோஸ்து தாஸ் இருக்கான்.

"அளவு கொண்டா மச்சான், அப்பால பாரு"ன்னான் தாஸ்.

அளவுன்னா யாரு? டெய்லர்! நேரா கபூர் பாய் கடைக்குப் போனேன். ரெண்டு மெஷினும் தடதடன்னு ஓடிக்கிட்டு இருந்துச்சு.

"பாய், சைக்கிளுக்கு அளவு எடுக்கணும்!"

"சைக்கிளுக்கா? பேஷா எடுக்கலாம் நைனா. காலை அகட்டி நில்லு."

உள்கால், வெளிக்கால், தோள், எல்லாம் அளந்தாரு.

"கை ஃபுல்லா, அரையா?"

அந்த இடத்துல எனக்கு சந்தேகம் வந்திருக்கணும். வரலை. ஹேண்டில் பாரைப் புடிக்க முழுக்கை வேணுமேன்னு, "ஃபுல்லு பாய்"ன்னேன்.

"எல்லாம் சேத்தே சொல்றேன், எழுதிக்கோ."

உள்ளங்கையில எழுதிக்கிட்டேன். என்னத்தை சேத்தாருன்னு கேக்கலை.

தாஸ் வேலையில இறங்கினான். "இந்த டைட்டானியம் கீதே, ராங்கி புடிச்சது மச்சான். சூடா இருக்கசொல்ல லேசா காத்து பட்டுச்சுன்னா வெல்டு நீலம் பூத்துடும். அப்பறம் அப்பளம்தான். காத்து அண்டாம இருக்க பைப்பு உள்ளயும் ஆர்கான் கேஸ் ஓட்டணும், வெளியவும் ஓட்டணும்."

"ஓட்டு."

"குறுக்குப் பாரு நேரா வேணுமா, சரிவா வேணுமா? சரிவா வெச்சா காலு தூக்கிப் போட சொகமா இருக்கும்."

"நான் இன்னா லேடீஸ் சைக்கிளா ஓட்டப் போறேன்? நேரா வைடா!"

இதுக்குள்ள கம்பெனி முழுக்கத் தம்பட்டம் அடிச்சாச்சு. ஆயுத பூஜைக்கு வரேன், டைட்டானியத்துல வரேன், எல்லாரும் கேட்டாண்ட நின்னு பாருங்கன்னு. மேனேஜர் வரைக்கும் சொல்லி வெச்சிருந்தேன்.

பூஜை அன்னிக்குக் காலையில தாஸ் சைக்கிளைக் கொண்டாந்தான். பெயிண்டே இல்லாத சாம்பல் கலரு. ஒத்தை விரல்ல தூக்கலாம். வெல்டு ஒவ்வொண்ணும் வெள்ளிக் கொலுசு மாதிரி இருந்துச்சு. எனக்குக் கண்ணு கலங்கிடுச்சு.

ஏறினேன். மறுபடியும் கலங்குச்சு. இந்த வாட்டி குறுக்குப் பாருனால.

சீட்டை அடிமட்டம் வரைக்கும் இறக்கியாச்சு. அப்பவும் கால் தரையில எட்டலை. ஹேண்டில் வேற ஏதோ ஊர்ல இருந்துச்சு.

"புதுசுல்ல, பழகிடும்"னான் தாஸ்.

பிளாட்பாரத்து மேல நின்னு ஏறி, ஒரு தள்ளு தள்ளிக் கிளம்பிட்டேன். ஓடுச்சு பாருங்க, காத்து மாதிரி! பிரச்சனை ஓட்டறதுல இல்லை. நிக்கறதுல.

நம்ம எண்ணூர் ரோட்டுல கன்டெய்னர் லாரிங்க எப்பவும் வரிசையா நிக்குமே, அதான் என்னைக் காப்பாத்துச்சு. மூச்சு வாங்கினா ஒரு லாரியோரமா போய்ச் சாஞ்சுக்குவேன். அப்பறம் உந்தித் தள்ளிக்கிட்டுப் போவேன்.

ஒரு லாரி மட்டும் நான் சாஞ்சிருக்கும்போதே கிளம்பிடுச்சு.

டிரைவர் எட்டிப் பாத்தான். "யோவ்! இன்னாத்துக்குய்யா வண்டியக் கட்டிப் புடிச்சிகினு வர்ற?"

"அண்ணே, நிறுத்துண்ணே! எறங்க முடியலை!"

"அஞ்சு மணிலேர்ந்து நின்னுகினு இருந்தேன், இப்பத்தான் நகருது. நிறுத்தவா? விட்றா கைய!"

விட்டேன். அந்த வேகத்துலயே கம்பெனி கேட்டுக்கு வந்துட்டேன். மாலை, சந்தனம், மேனேஜர், மொத்த ஷிப்டும் நிக்குது. கை தட்டறானுங்க.

நான் நிக்கலை. எப்படி நிக்கறது? கேட்டுக்கு முன்னாடி ஒரு ரவுண்டு அடிச்சேன். இன்னும் பலமா கை தட்டினானுங்க. ரெண்டாவது ரவுண்டுல கத்தினேன், "புடிங்கய்யா!"

வாட்ச்மேன் என்ன நினைச்சாரோ, என் கையைப் புடிச்சுக் குலுக்க வந்தாரு. நான் ஒதுங்கினேன். ஒதுங்கின இடத்துலதான் திருஷ்டிக்கு உடைச்ச பூசணிக்காய், குங்குமத்தோட ரோட்டுல கெடந்துச்சு.

சைக்கிளுக்கு ஒரு கீறல் இல்லை. மிச்சம் எல்லாம் எனக்குத்தான். குங்குமம் எது, ரத்தம் எதுன்னு மேனேஜரே தடுமாறிட்டாரு.

கட்டுப் போட்டுக்கிட்டு தாஸ்கிட்ட போனேன். அவன் டேப்பை எடுத்து முதல்ல சைக்கிளை அளந்தான், அப்பறம் என்னை அளந்தான்.

"நீ சொன்ன அளவுல நூல் கூட மாறல. நீதான் மாறிக்கீற. எவன்டா அளந்தது?"

கபூர் பாய் கடைக்கு ஓடினோம்.

"பேண்ட்டுனா கீழ மடிச்சுத் தைக்கத் துணி வாணாவா நைனா? உக்காந்து மெதிக்கசொல்ல கிழியாம இருக்க, தொடையாண்ட லூசு குடுத்தேன். கையிலயும் அப்படித்தான்."

"பாய், நான் சைக்கிளுக்குன்னு தானே சொன்னேன்!"

"ஆமா, சைக்கிள் ஓட்டறதுக்கு. அதான் லூசு! அது கெடக்கட்டும், துணி எங்க? இன்னும் கொண்டாரவே இல்லியே?"

தாஸ் சிரிச்சு முடிக்கறதுக்குள்ள எனக்குக் கட்டுல ரத்தம் கசிய ஆரம்பிச்சிருச்சு.

"அறுத்துச் சின்னதாக்குடா"ன்னேன்.

டக்குன்னு சிரிப்பை நிறுத்தினான். "அறுக்கறதா? இந்த மாதிரி வெல்டு எனக்கு இன்னொரு வாட்டி வராது. ஒன்ன வேணா அறுக்கறேன், இத அறுக்க மாட்டேன்."

வீட்டு வாசல்ல சைக்கிளைச் சாத்திட்டு உக்காந்துட்டேன். என் பொண்டாட்டி கலா அப்பத்தான் வெளியில வந்தா. ஸ்கூல்ல பி.டி. டீச்சர், பழைய கபடி பிளேயர், என்னைவிட நல்ல உயரம். டிராக் பேண்ட்டுல இருந்தா.

"இன்னாங்க, ஒரு ரவுண்டு பாத்துக்கவா?"

"விழுந்துடுவே கலா, அது ஒரு மாதிரி..."

காலைத் தூக்கிப் போட்டா. உக்காந்தா. ரெண்டு காலும் அழகா தரையில ஊணுச்சு. கையும் ஹேண்டில்ல கச்சிதமா போய் உக்காந்துச்சு. சர்ருன்னு தெருமுனை வரைக்கும் போய், திரும்பி வந்து, என் மூக்குக்கு முன்னாடி டக்குன்னு நிறுத்தினா.

"சூப்பரா கீதுங்க! எனக்கோசரமா இவ்ளோ அலைஞ்சீங்க?"

நானும் ஒரு நொடி யோசிச்சேன்.

"பின்ன? உனக்கு சர்ப்ரைஸா இருக்கட்டும்னுதான்"ன்னேன்.

பொய் மட்டும் எனக்கு அளவெடுத்துத் தச்ச மாதிரி வரும்.