லீவு கேட்டவனுக்கு வைத்தியம்

ஆபீஸில் மனசு சரியில்லை என்று மட்டும் வாயைத் திறந்து சொல்லிவிடாதீர்கள். அதுவும் கல்கத்தாவில் சொல்லவே சொல்லாதீர்கள். நான் சொல்லித் தொலைத்தேன்.

தொண்ணூறுகளின் நடுவில் கிடர்பூர் துறைமுகத்தை ஒட்டிய ஒரு கப்பல் ஏஜென்சியில் எனக்கு வேலை. குடியிருந்தது பெஹாலாவில். மனைவி காயத்ரி தலைப்பிரசவத்துக்குத் தஞ்சாவூர் போயிருந்தாள். ரயில் ஏறும்போது, "குழந்தை பொறக்கறப்போ நீங்க பக்கத்துல இருக்கணும். எனக்கு வேற ஒண்ணும் வேண்டாம்" என்றாள். நானும் வீராப்பாகத் தலையாட்டினேன்.

நாள் நெருங்கியது. லீவு கேட்கப் போனால் வெட்கம் பிடுங்கித் தின்றது. எங்கள் குடும்பத்தில் பெண்டாட்டி பிரசவத்துக்கு லீவு போட்ட ஆண்பிள்ளை ஒருத்தர்கூடக் கிடையாது. ("ஆம்பளைக்கு அங்க என்ன வேலை?" என்பது அப்பாவின் கட்சி.) ஆபீஸிலும் மனைவி ஊருக்குப் போயிருக்கிறாள் என்பதோடு நிறுத்தியிருந்தேன். ஆகவே தலைமை குமாஸ்தா மித்ரா தாதாவிடம் (அங்கே அண்ணனுக்குத் தாதா, அக்காவுக்குத் தீதி) போய், "தாதா, மொன் காராப். கொஞ்ச நாள் லீவு வேணும்" என்றேன். மனசு சரியில்லை என்பதற்கு பெங்காலியில் அப்படித்தான் சொல்வார்கள். நம்மூர் ஆபீஸாக இருந்தால் "அதுக்கென்ன இப்போ?" என்று ஃபைலைத் தள்ளியிருப்பார்கள். மித்ரா தாதா பேனாவைக் கீழே வைத்துவிட்டார்.

"எத்தனை நாளா?" என்று அவர் போட்ட சத்தத்தில் மொத்த ஆபீஸும் கூடிவிட்டது.

"லீவா? பெண்டாட்டியும் ஊர்ல இல்ல. வீட்ல தனியா உட்கார்ந்தா மனசு இன்னும் கெட்டுப்போகும். சரியாகற வரைக்கும் நீ எங்ககூடத்தான் இருக்கணும்!" என்று தீர்ப்பு சொன்னார் தாதா.

அன்றிலிருந்து பிடித்தது சனி. என் ஃபைல்களை ஆளுக்குக் கொஞ்சமாகப் பிடுங்கிக்கொண்டார்கள். டைப்பிஸ்ட் ஷிப்ரா தீதி எனக்கென்று கசகசா போட்ட உருளைக்கிழங்கு சமைத்து வந்து, நான் தட்டை வழிக்கும்வரை எதிரிலேயே உட்கார்ந்திருந்தாள். அக்கவுண்டன்ட் நாக்கடியில் ஹோமியோபதி உருண்டை போட்டார். சாயங்காலம் காளிகாட் கோயில். பிறகு யாராவது பெஹாலா வரை வந்து, நான் உள்ளே போய் விளக்கைப் போட்ட பிறகே கிளம்பினார்கள். (விசாரணைக் கைதிக்குக்கூட இவ்வளவு காவல் கிடையாது!)

"சரியாயிடுச்சு தீதி. லீவு மட்டும் குடுங்க" என்று கெஞ்சினேன்.

"முத்திப்போனவங்க இப்படித்தான் சொல்வாங்க" என்றாள் ஷிப்ரா தீதி.

உண்மையைச் சொல்லியிருக்கலாமே என்பீர்கள். அத்தனை நாள் தின்ற பிறகு எந்த மூஞ்சியோடு சொல்வது? நாளைக்குச் சொல்லலாம் என்று தள்ளிப்போட்டுக்கொண்டிருந்தபோது ஆபீஸுக்கு மாமனாரின் போன் வந்தது.

"மாப்பிள்ளை, பொண்ணு பொறந்திருக்கா! டாக்டர் சொன்ன தேதிக்கு முன்னாடியே வந்துட்டா. ரெண்டு பேரும் சௌக்கியம்."

விஷயம் தெரிந்ததும் மித்ரா தாதா குதித்தார். "முட்டாள்! முதல்லயே சொல்லியிருந்தா நானே உன்னைத் தூக்கி ரயில்ல போட்டிருப்பேனே!" திட்டிக்கொண்டே ஹவுராவுக்கு வந்து டிக்கெட் எடுத்துத் தந்தார். ஷிப்ரா தீதி, அண்ணன் பேரனுக்காகப் பின்னிவைத்திருந்த கம்பளிக் குல்லாயைக் குழந்தைக்கென்று என் கையில் திணித்தாள். தஞ்சாவூருக்கு! மே மாதத்தில்!

ஊர் போய்ச் சேர்ந்தேன். காயத்ரி என் முகத்தைப் பார்க்கவேயில்லை. "ஏன் வரல?" என்றாள்.

"மனசு சரியில்லன்னு லீவு கேட்டேன். சரியாகட்டும்னு லீவு தரல."

நிமிர்ந்து என்னை மேலும் கீழும் பார்த்தாள். "நான் இங்க வாசலையே பார்த்துட்டுக் கெடந்தேன். நீங்க ரெண்டு சுத்துப் பெருத்து வந்து நிக்கிறீங்க."

அதுதான் இன்றைக்கும் எரிச்சல். அவள் போன நாளிலிருந்து தூக்கம் வராமல் பயந்து கிடந்தவன் நான். பொய்யென்று நினைத்துச் சொன்னது பொய்யே இல்லை. அந்தப் படுபாவிகள் அதை நிஜமாகவே குணப்படுத்திவிட்டார்கள்.

இப்போதும் நான் சோபாவில் உம்மென்று உட்கார்ந்தால், "மித்ரா தாதாவைக் கூப்பிடவா?" என்று காயத்ரி சமையலறையிலிருந்து குரல் கொடுப்பாள். உடனே மகள் பீரோவைத் திறந்து அந்தக் குல்லாயைக் கொண்டுவந்து என் வழுக்கையில் வைப்பாள். கால்வாசி மண்டைக்குக்கூடக் காணாது. கழற்றினால் இரண்டு பேரும் விடுவதில்லை, மனசு சரியாகிவிட்டது என்று நான் சத்தியம் செய்யும்வரை.