கொலோன்காரர் என்னைக் கேட்கிறார்

சும்மா வீட்டில் இருக்கிற கல்யாணமான பெண்ணுக்கு மாதாமாதம் சம்பளம் வந்தால், அவள் பிள்ளை பெறப்போகிறாள் என்றுதான் ஜெர்மனியில் எங்கள் சனத்துக்குத் தெரியும். உதைபந்தாட்டத்தில் வேறொரு வழியும் உண்டு என்பதை ஒரு கல்யாண மண்டபம் முழுவதற்கும் விளங்கப்படுத்திய பெருமை எனக்கு இருக்கிறது.

எசன் நகருக்குப் பக்கத்தில் ஒரு உதைபந்தாட்டக் கழகத்தில், புதிய வீரர்களைத் தேடிப் பிடிக்கும் பிரிவுக்குப் பொறுப்பாக இருந்தேன். கொலோன் நகரில் ஒரு கழகத்தின் தலைவர் அதைவிடப் பெரிய பதவிக்குக் கூப்பிட்டார். ஒப்பந்தம் முடியமுன் நான் போவதென்றால், கூப்பிட்டவர்கள் பழைய கழகத்துக்கு நட்டஈடு கொடுக்க வேண்டும். எவ்வளவு என்பதில் இரண்டு பக்கமும் முறுகிக்கொண்டன. அது தீரும்வரை பழைய கழகம் என்னை வீட்டுக்கு அனுப்பிவிட்டது. சம்பளம் வரும், ஆனால் அங்கேயும் வேலை செய்யக் கூடாது, கொலோனிலும் செய்யக் கூடாது.

"வெளியில் மூச்சு விடாதீர்கள்" என்றார் என் வழக்கறிஞர்.

அம்மா விட்டார். பாதி மூச்சுத்தான்; நான் சொன்னதில் அவருக்கு விளங்கியதே பாதிதான். டோர்ட்மண்டில் இருக்கும் தன் சிநேகிதி ராணி அக்காவிடம், "மகள் சம்பளத்தோடை வீட்டிலை நிக்கிறாள். இப்ப ஒருத்தருக்கும் சொல்லக் கூடாதாம்" என்றிருக்கிறார்.

அடுத்த கிழமை ராணி அக்காவின் தங்கை மகளான பெறாமகளுக்கு டோர்ட்மண்டில் கல்யாணம். சாப்பிடும்போது ராணி அக்கா வந்து என் தட்டிலிருந்த அன்னாசித் துண்டுகளை எடுத்து அப்பால் வைத்தார். (அப்போதாவது எனக்கு மூளை வேலை செய்திருக்க வேண்டும்.)

"அம்மா சொன்னவ. எப்ப பிள்ளை?"

ராணி அக்கா என்னை எப்போதும் 'பிள்ளை' என்றுதான் கூப்பிடுவார்; அதனால் எப்போது கொலோனுக்குப் போகிறாய் என்று கேட்கிறார், அம்மா எல்லாவற்றையும் உளறிவிட்டார் என்று நினைத்தேன்.

"திகதி இன்னும் தெரியாது அக்கா. ரெண்டு பக்கமும் கதைச்சு முடிக்கேல்லை."

"ரெண்டு பக்கமோ?"

"ஓம். கொலோன்காரர் நான் வேணுமெண்டு நிக்கிறார். பழைய ஆக்கள் சும்மா விட ஏலாதெண்டு நட்டஈடு கேக்கினம்."

ராணி அக்கா கதிரையைப் பிடித்துக்கொண்டார். பாயசம் வாங்க வரிசையில் நின்ற என் கணவர் சுதனைப் பார்த்தார்.

"தம்பி சுதனுக்குத் தெரியுமோ?"

"அவர்தானே 'நல்ல இடம், விடாதை, போ' எண்டு சொன்னவர்!"

கொஞ்ச நேரத்தில், ராணி அக்கா போய்ச் சொன்னதைக் கேட்டு அம்மா அழுதுகொண்டே வந்தார். "நீ ஆரோடை போனாலும் பிள்ளையை நான் வளர்ப்பன். அந்தச் சுதன் பெடியனை மட்டும் இப்பிடி விட்டிட்டுப் போகாதை."

அப்போதுதான் எனக்கு விளங்கியது. சுற்றிப் பார்த்தேன். சுதனைச் சுற்றி நின்றவர்கள் அவர் முதுகைத் தடவிக்கொண்டிருந்தார்கள். ஏனென்று தெரியாமல் அவர் எல்லோருக்கும் நன்றி சொல்லிக்கொண்டிருந்தார்.

மேடைக்கு ஓடி மைக்கைப் பறித்தேன். "எனக்குப் பிள்ளையும் இல்லை, கொலோனிலை ஆளும் இல்லை! நான் கிளப் மாறுறன், அவ்வளவுதான்!" என்று கத்தினேன். நாதஸ்வரக்காரர் கை தட்டினார்.

கல்யாணம் கனடாவில் இருக்கும் சொந்தங்களுக்காக இணையத்தில் நேரலையாகப் போய்க்கொண்டிருந்ததை ஒருவரும் எனக்குச் சொல்லவில்லை. திங்கட்கிழமை காலையில் வழக்கறிஞர் அழைத்தார். இரகசியம் அம்பலமானதால் பழைய கழகம் இன்னும் இறுகிப்போனது. நான் மேலும் பல வாரங்கள் வீட்டில் இருந்தேன். பேரப்பிள்ளை இல்லையென்ற ஏமாற்றத்தை அம்மா வெளியே காட்டவில்லை. தினமும் எனக்குப் பிடித்த ஏதாவது சமைத்துக்கொண்டு வந்து, ஒன்றும் கேட்காமல் பக்கத்தில் இருந்தார்.

கடைசியில் கழகங்கள் சமாதானமாகின. நான் இப்போது கொலோனில் வேலை செய்கிறேன். ஆனால் எந்தக் கொண்டாட்டத்துக்குப் போனாலும், புதிதாக யாரையாவது கண்டால் சுதன் கையை நீட்டி இப்படித்தான் தன்னை அறிமுகப்படுத்திக்கொள்கிறார்:

"வணக்கம். நான்தான் பழைய கிளப். எவ்வளவு தந்தாலும் ஆளை விடமாட்டன்."