தொப்புள் என்று யார் சொன்னது

"பதினேழாம் பக்கம். சத்தமா படிங்க," என்றார் முதலாளி.

ஸ்பிரிங் சார் கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு படித்தார். "கட்டைவிரலால் அசைக்கும் குச்சியின் அடியில் இரண்டு சுருள்வில்கள் எதிரெதிர்த் திசையில் சுற்றப்பட்டு, அவற்றின் நடுவே…" குரல் அங்கேயே நின்றுவிட்டது.

"நடுவே?"

"நடுவே தொப்புள் போன்ற ஒரு குழி."

மேசையைச் சுற்றி உட்கார்ந்திருந்தவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். முதலாளி, வக்கீல், படம் வரையும் அம்மா, ஸ்பிரிங் சார் என்று நாலே பேர்தான். ஆனால் அந்த நிமிஷத்திலிருந்து நாலு பேரும் நாலு கட்சி.

வீடியோ கேம் விளையாடும்போது இரண்டு கையிலும் பிடித்துக்கொள்கிற கன்ட்ரோலர் இருக்கிறதல்லவா, அதைச் செய்து விற்கிற சின்னக் கம்பெனி அது. அந்தக் கன்ட்ரோலர்களுக்கெல்லாம் பொதுவாக ஒரு வியாதி உண்டு. ஆறு மாதம் ஆடினால் குச்சி தளர்ந்துவிடும். பிறகு யாரும் கை வைக்காமலே திரையில் இருக்கும் வீரன் தானாக நடந்துபோய்ச் சுவரில் முட்டிக்கொண்டு நிற்பான். இரண்டு வருஷம் மண்டையை உடைத்துக்கொண்டு அதற்கு மருந்து கண்டுபிடித்தவர் ஸ்பிரிங் சார். குச்சியை எந்தப் பக்கம் தள்ளினாலும் விரலை எடுத்ததும் நடுக்குழியில் வந்து சமர்த்தாக உட்கார்ந்துகொள்ளும். அந்தக் குழிக்குத் தொப்புள் என்று பெயர் வைத்தவரும் அவர்தான்.

ஆறாயிரம் உருப்படி பெட்டிக்குள் போய்விட்டது. காப்புரிமைக்கான விண்ணப்பம் வக்கீல் மேசையில் தயாராக இருக்கிறது. இந்த நேரத்தில், நண்டுப் படம் போட்ட பெரிய கம்பெனியிடமிருந்து, ஸ்பிரிங் சார் இப்போது படித்த இந்த நோட்டீஸ் வந்திருக்கிறது. அந்தக் குச்சி எங்களுடையது, ஒன்றரை வருஷத்துக்கு முன்பே காப்புரிமைக்குப் பதிந்துவிட்டோம், ஒரு பெட்டிகூட வாசலைத் தாண்டக் கூடாது.

"ஸ்பிரிங்கை யார் வேணா யோசிக்கலாம்," என்றார் வக்கீல். "ஆனா தொப்புள்னு யாருங்க யோசிப்பா? அந்த வார்த்தை இங்கேருந்துதான் போயிருக்கு."

"திங்கக்கிழமைக்குள்ள யார் வாய்னு தெரியணும்," என்றார் முதலாளி. "இல்லன்னா அந்த வார்த்தைக்குச் சொந்தக்காரர் யாரோ, அவர் பேரைத்தான் நான் சொல்லணும். சொல்லிட்டு அவருக்கு மாலை போட்டு அனுப்பிடணும்."

சொந்தக்காரர் ஸ்பிரிங் சார்தான்.

அவர் எதையும் முறையாகச் செய்கிறவர். அன்று மாலையே ஒரு நோட்டில் கட்டம் போட்டார். ஆள், தொப்புளைக் கேள்விப்பட்ட நாள், நோக்கம், குறிப்பு. 'கட்டத்தைக் காலியா விட்டா அரை மார்க் போச்சு' என்று பள்ளிக்கூடத்தில் சொல்லிக்கொடுத்தது ரத்தத்தில் ஊறிப்போயிருந்தது. லீவு விண்ணப்பத்தில் 'இதர விவரங்கள்' என்று இருந்தால், 'அடுத்த தாளில் தொடர்கிறது' என்று எழுதி அடுத்த தாளையும் நிரப்பிக் கொடுக்கிறவர் அவர் ஒருவர்தான்.

படம் வரையும் அம்மாவுக்கு நேரே 'என்னைப் பார்த்துச் சிரிப்பதே இல்லை' என்று எழுதினார். ஸ்டோர் கீப்பருக்கு நேரே 'அளவுக்கு மீறிச் சிரிக்கிறார்' என்று எழுதினார். மூன்றாவது ஆள் வீட்டிலேயே இருந்தான், மனைவியின் தம்பி. கண்ணாடிக் கடையில் விற்பனையாளன். மாதிரிக்குச் செய்த கன்ட்ரோலர்களையெல்லாம் மணிக்கணக்கில் ஆடிப் பார்த்துக் குறை சொன்னவன். அவனுக்கு நேரே 'நோக்கம்: விளையாட்டு' என்று எழுதினார்.

மறுநாள் காலையில் பொறி வைத்தார். படம் வரையும் அம்மாவைத் தனியே கூப்பிட்டு, "இனிமே தொப்புள்னு சொல்லாதீங்க. உச்சின்னு சொல்லுங்க. யார்கிட்டயும் சொல்லாதீங்க," என்றார்.

"யார்கிட்டயும் சொல்லக் கூடாதுன்னா நான் எதுக்கு சார் பேர் மாத்தணும்?"

"உங்களுக்குள்ள வெச்சுக்குங்க."

ஸ்டோர் கீப்பரிடம் 'கிணறு' என்றார். வீட்டுக்குப் போய் மச்சினனிடம் 'கிண்ணம்' என்றார். அடுத்த கடிதத்தில் நண்டுக்காரன் எந்தச் சொல்லை எழுதுகிறானோ, அந்த ஆளின் குடுமி கையில்.

நண்டுக்காரன் எதுவும் எழுதவில்லை. உள்ளே வேலை நடந்தது. உச்சி என்று கேட்ட படம் வரையும் அம்மா, முறைப்படி குழியைக் குச்சியின் உச்சியில் வரைந்து கீழே பட்டறைக்கு அனுப்பினார். கிணறு என்று கேட்ட ஸ்டோர் கீப்பர், 'ஆழம் அதிகம் போல' என்று தானே யோசித்து இரண்டு மடங்கு நீளமான ஸ்பிரிங்கை எடுத்துக் கொடுத்தார். வெள்ளிக்கிழமை மதியத்துக்குள் இருநூறு கன்ட்ரோலர்கள் தயாராயின. ஒன்றில் விரலை வைத்து எடுத்ததும் குச்சி துள்ளிப் போய் மின்விசிறியில் அடித்துத் திரும்பி வந்து முதலாளியின் தோளில் விழுந்தது.

"நடுவுக்குத் திரும்பி வரும்னு சொன்னீங்க," என்றார் முதலாளி. "என்கிட்ட திரும்பி வரும்னு சொல்லலியே."

அதைச் சரிசெய்ய ஸ்பிரிங் சார் அறிவிப்புப் பலகையில் ஒரு தாள் ஒட்டினார். 'குறிப்பிட்ட உறுப்பை எவரும் எப்பெயராலும் குறிப்பிடலாகாது.'

சனிக்கிழமை பட்டறை முழுக்க ஒரே பேச்சு.

"அதை எடுங்க."

"எதை?"

"அதுக்குள்ள வெப்போமே, அதை."

"அது அதுக்கு மேலயா, கீழயா?"

"பேர் சொல்லாம எப்படிய்யா மேல கீழ சொல்றது? அது மாதிரி வெச்சு அமுக்கு."

சாயங்காலத்துக்குள் இன்னும் நானூறு உருப்படி தலைகீழாகப் பூட்டப்பட்டிருந்தன. வேலையாட்கள் தன்னைப் பார்த்ததும் பேச்சை நிறுத்துவதை ஸ்பிரிங் சார் கவனித்தார். உறுப்பின் பெயரைச் சொல்லக் கூடாது என்பதால்தான் நிறுத்தினார்கள் என்பது அவருக்குத் தோன்றவில்லை. நோட்டில் மேலும் பதினோரு பேரைச் சேர்த்தார்.

ஞாயிற்றுக்கிழமை விடிந்தது. சமையலறை மேடையில் அவருடைய பிளாஸ்க் கவிழ்த்து வைக்கப்பட்டிருந்தது. தினமும் அதில்தான் ஆபீசுக்கு டீ எடுத்துப் போவார். மனைவி அதற்குப் பூப்போட்ட துணியில் ஓர் உறை தைத்துப் போட்டிருந்தாள். உறை அன்று துவைக்கப் போயிருந்தது. உறை இல்லாத பிளாஸ்கை அவர் இதுவரை பார்த்ததே இல்லை.

பிளாஸ்கின் வயிற்றில் சிவப்பாக ஒரு நண்டு இருந்தது.

ஸ்பிரிங் சார் பிளாஸ்கைக் கையில் எடுத்துப் புரட்டிப் பார்த்தார். எதிரியின் பிளாஸ்கை முதலாளியின் மேசையிலேயே வைத்து, ஒரு வருஷமாக டீ குடித்திருக்கிறார்.

"இது யாருது?"

"உங்களுதுதான். இத்தனை நாளா குடிக்கிறீங்களே," என்றாள் மனைவி.

"வீட்டுக்கு எப்படி வந்துச்சு?"

"பார்சல்ல வந்துச்சு. போன வருஷம், நீங்க ஆபீஸ் போயிருந்தப்ப. நான்தான் கையெழுத்துப் போட்டு வாங்கினேன். தம்பி ஏதோ வரவழைச்சிருக்கான்னு நெனச்சேன். அவன் நான் வரவழைக்கலன்னான். சரி, சும்மா கிடக்கறதுக்கு உங்களுக்கு ஆகுமேன்னு உறை தெச்சேன்."

"யார் பேருக்கு வந்துச்சு?"

"அட்டைப்பெட்டி மழையில நனைஞ்சு பேரெல்லாம் கரைஞ்சு போச்சுங்க. வீட்டு நம்பர் சரியா இருந்துச்சு. வாங்கிட்டேன்."

உள்ளறையில் மச்சினன் திரையைப் பார்த்து விளையாடிக்கொண்டிருந்தான். கையில் இரண்டு வருஷத்துக்கு முன்னால் வாங்கிய பழைய கன்ட்ரோலர். அதிலும் நண்டு. ஸ்பிரிங் சார் பிளாஸ்கை அவன் மூக்குக்கு நேரே நீட்டினார்.

"மாப்ளே, உண்மையைச் சொல்லு. எதுக்காக அவங்க உனக்கு இதை அனுப்புனாங்க?"

"எனக்கா? எனக்கு எதுக்கு மாமா அனுப்பப் போறாங்க?"

"அவங்க சாமானை வாங்கியிருக்க. அவங்களோட உனக்குத் தொடர்பு இருக்கு."

"கடையில வாங்கினேன். அதுக்குப் பேரு தொடர்பா? பெட்டியைப் பிரிச்சதும் உள்ள இருந்த காகிதத்தையெல்லாம் நீங்க எடுத்துக்கிட்டீங்க. குச்சி மட்டும்தான் எனக்கு மிச்சம். அதுவும் இப்ப இடது பக்கமே இழுக்குது."

"படிக்காம ஆடினா அப்படித்தான் இழுக்கும். பேச்சை மாத்தாதே. தொப்புள்னு அவங்ககிட்ட சொன்னியா, இல்லையா?"

மச்சினன் விளையாட்டை நிறுத்தினான். "மாமா, என் வேலை கண்ணாடி விக்கிறது. யாராவது ஒரு ஆள்கிட்ட நான் தொப்புள்னு பேச்செடுத்திருந்தா அன்னிக்கே வேலையை விட்டுத் தூக்கியிருப்பாங்க."

வாசற்படியில் மனைவி நின்றிருந்தாள். "என் தம்பி ஒரு பிளாஸ்குக்கு உங்களை வித்துட்டான்னு சொல்றீங்க. அதானே?"

"நான் சொல்லல. நண்டு சொல்லுது."

"அப்ப இனிமே நண்டு உங்களுக்கு டீ போட்டுக் குடுக்கட்டும்," என்று சொல்லிவிட்டு அவள் அடுப்பை அணைத்தாள்.

ஸ்பிரிங் சார் முதலாளிக்குக் கடிதம் எழுதினார். பொருள் என்று எழுதி அடிக்கோடிட்டு, பார்வை என்று எழுதி நோட்டீஸின் எண்ணைக் குறித்து, வரிசை எண் போட்டார். ஒன்று, கசிவு என் இல்லத்திலிருந்தே நிகழ்ந்துள்ளது. இரண்டு, கையூட்டாகப் பெறப்பட்ட பொருள் என் வசம் உள்ளது. மூன்று, மேற்படி பொருளில் நான் அறியாமல் தேநீர் அருந்தியமைக்கு வருந்துகிறேன்.

கடிதத்தைப் படித்த வக்கீல் திங்கட்கிழமை காலை உற்சாகமாகிவிட்டார். "இது போதும். காப்புரிமை ஆபீஸ்ல அவங்க ஃபைலை யார் வேணா கேட்டுப் பாக்கலாம். கண்டுபிடிச்சவர்னு யார் பேரைப் போட்டிருக்காங்கன்னு பாப்போம். உங்க மச்சினர் பேர் இருந்துச்சுன்னா திருட்டுன்னு நிரூபிச்சிடலாம். அவரையும் கூட்டிட்டு வாங்க. பிளாஸ்கையும்தான்."

பத்தரை மணிக்கு எல்லோரும் காப்புரிமை ஆபீசில் இருந்தார்கள். முதலாளி கைக்கடிகாரத்தைப் பார்த்தபடி நின்றார். மச்சினன் பெஞ்சின் ஒரு முனையில் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். தம்பிக்குத் துணையாக வந்த மனைவி அவன் பக்கத்தில் உட்கார்ந்து சுவரைப் பார்த்தாள். பெஞ்சின் மறு முனையில் பிளாஸ்க், உறை போட்டு.

"மாப்ளே, இப்பவாவது ஒத்துக்கிட்டா விஷயம் குடும்பத்தோட போயிடும்," என்று ஸ்பிரிங் சார் மெதுவாகச் சொன்னார்.

"ஃபைல் வரட்டும் மாமா," என்றான் அவன்.

"என் பேர் இதுல கெடுதுய்யா," என்றார் முதலாளி பொதுவாகச் சுவரிடம்.

கவுண்டரில் இருந்த பெண் ஒரு படிவத்தை நீட்டினாள். ஃபைல் எண்ணையும் கேட்பவர் பெயரையும் எழுதினால் போதும் என்றாள். ஸ்பிரிங் சார் எழுதினார். பெயர், தகப்பனார் பெயர், வீட்டு விலாசம், ஆபீஸ் விலாசம். 'காரணம்' என்ற கட்டம் போதாமல் 'பின்பக்கம் தொடர்கிறது' என்று எழுதித் திருப்பி, பின்பக்கத்தையும் நிரப்பி, குச்சியின் சின்னப் படம் ஒன்றும் போட்டு, அடியில் நீளமாகக் கையெழுத்திட்டார். பின்னால் வரிசையில் நின்றவர்கள் மூன்று முறை இருமினார்கள்.

அவள் படிவத்தை வாங்கிக்கொண்டு உள்ளே போனாள். திரும்பி வரும்போது தடித்த ஃபைல் ஒன்று கையில் இருந்தது. அதை உடனே கொடுக்கவில்லை. நடந்துகொண்டே முதல் தாளைப் பார்த்தாள், படிவத்தைப் பார்த்தாள். படிவத்தைத் திருப்பிப் பின்பக்கத்தைப் பார்த்தாள், மறுபடியும் தாளைப் பார்த்தாள்.

"யார் பேரும்மா இருக்கு?" என்று வக்கீல் எட்டிப் பார்த்தார்.

"சொல்லுங்கம்மா," என்றார் ஸ்பிரிங் சார். "எந்தப் பேரா இருந்தாலும் தாங்கிக்கிறேன். எங்க வீட்டு ஆள்தான்னு எனக்கு முன்னமே தெரியும்."

அவள் ஃபைலைத் திருப்பி அவர் பக்கமாக வைத்தாள். முதல் தாளில் ஓர் அட்டை ஒட்டியிருந்தது. கன்ட்ரோலர் பெட்டிக்குள் போட்டுத் தருகிற, 'உங்கள் ஆலோசனைகளை எழுதுங்கள்' என்ற அட்டை. ஒரு கட்டம்கூடக் காலியாக இல்லை.

"கண்டுபிடிச்சவர் பேரும் உங்க பேருதான், கையெழுத்தும் இதேதான் சார்," என்றாள் அவள். "உரிமை முழுக்க அவங்களுக்கே, பதிலுக்கு ஒரு பிளாஸ்க் போதும்னு கடைசிக் கட்டத்துல டிக் போட்டிருக்கீங்க, வந்து சேந்துதா?"