நான் திருப்பி வாங்கிய வெற்றிலைத் தட்டு

நான் அஞ்சாவது வரைக்கும்தான் படித்தவள். கொம்பு போட வேண்டிய இடத்தில் கால் போடுவேன். பேச்சு மாதிரியே எழுதிக்கொண்டு போவேன், நடுவில் நடந்ததில் பாதி மறந்தும் விடும். படிக்கிறவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும். ஆனால் இந்த ஒரு சங்கதியை மட்டும் நான் மறந்தாலும் எங்கள் வீட்டில் மறக்க விடமாட்டேன் என்கிறார்கள்.

முதலில் என் கூச்சத்தைச் சொல்லிவிடுகிறேன். ஒரு தடவை ஆட்டையாம்பட்டியில் இறங்க வேண்டியவள், “நிறுத்துங்க” என்று கண்டக்டரிடம் சொல்ல வெட்கப்பட்டு, அடுத்த ஊர் வரைக்கும் போய், வெயிலில் நடந்தே திரும்பி வந்தேன். (சீட்டு வாங்கினது ஆட்டையாம்பட்டிக்குத்தான். அதனால் திருட்டுத்தனமாக வந்துவிட்டோமே என்று வழியெல்லாம் பயம் வேறு.) அப்படிப்பட்டவள் ஒரு முட்டைக் கம்பெனி முதலாளியிடம் போய், வாயில் போட்ட வெற்றிலையைத் திருப்பிக் கேட்டேன் என்றால் நீங்கள் நம்புவீர்களா?

என் மகள் கோகிலா சின்ன லோடு வண்டி ஓட்டுகிறாள். எங்கள் வீட்டுக்காரர் லாரி டிரைவர். அவர் உயிரோடு இருந்தபோதே மகளுக்கு ஸ்டீரிங் பிடிக்கச் சொல்லிக் கொடுத்துவிட்டுப் போனார். மருமகன் போர் போடுகிற ரிக் வண்டியில் வேலை. வடக்கே போனால் வர மாசக்கணக்கு ஆகும். எங்கள் வீட்டுக்காரர் விட்டுவிட்டுப் போன கொல்லைக்காடு ஒன்று இருந்தது, அதை விற்றுத்தான் இவள் வண்டிக்கு முன்பணம் கட்டினாள். மீதிக்கு மாசத் தவணை. வண்டி ஓடினால்தான் தவணை, தவணை கட்டினால்தான் வண்டி.

அப்படி இருக்கும்போது போனில் ஒரு முட்டைக் கம்பெனி விளம்பரம் வந்தது. சொந்த வண்டி வைத்திருக்கிற டிரைவர்கள் வேண்டுமாம். மாசச் சம்பளம் கிடையாது, ஆனால் “நீங்களே முதலாளி, கை நிறைய வருமானம்” என்று போட்டிருந்தது. கை நிறைய என்றால் யார் கை, எத்தனை பெரிய கை என்று ஒன்றும் போடவில்லை. கோகிலாவுக்கு ஆசையாகவும் இருந்தது, பயமாகவும் இருந்தது. மருமகன் போனில், “ஒண்ணொண்ணா கேட்டுப்போட்டு அப்பறம் ஒத்துக்க கோகிலா. அவங்ககிட்ட மாட்டிக்கிட்டா வண்டியும் போயிரும்” என்றார்.

மகள் தனியாகப் போக வேண்டாம் என்று நானும் ஏறிக்கொண்டேன். வழியெல்லாம் அவள் கேட்க வேண்டியதைப் பாடம் மாதிரி சொல்லிக்கொண்டே ஓட்டினாள். டீசல் யாருது? ஒடையற முட்டை யாரு தலைல? லோடு இல்லாத நாளைக்கு என்ன? காலி வண்டியாத் திரும்பி வந்தா என்ன? வெளி லோடு ஏத்தலாமா? ராசிபுரம் தாண்டுவதற்குள் எனக்கே மனப்பாடம் ஆகிவிட்டது.

என் மடியில் ஒரு எவர்சில்வர் தட்டு. வெற்றிலை, பாக்கு, தேங்காய், ஒரு சீப்பு வாழைப்பழம். எங்கள் பக்கம் கல்யாணமோ காடு விற்பதோ கிணறு வெட்டுவதோ, பேச்சு முடிந்தது என்பதற்கு வெற்றிலை மாற்றுவதுதான் அடையாளம். வாங்கிக்கொண்டால் அப்புறம் யாரும் மறுபேச்சு பேசுவதில்லை. அதனால் கோகிலா கண்டிப்பாகச் சொல்லியிருந்தாள். “அம்மா, எல்லாம் பேசி முடிச்சு, ‘குடும்மா’ன்னு நானே சொல்லுவேன். அதுவரைக்கும் மடியிலயே வெச்சிருக்கோணும்.”

“செரி சாமி” என்றேன்.

இந்த இடத்தில் இன்னொன்றும் சொல்ல வேண்டும். வீட்டுக்காரர் போனதிலிருந்து எந்த நல்ல காரியத்திலும் என் கையில் யாரும் தட்டு கொடுத்ததில்லை. யாரும் திட்டுவதில்லை, தள்ளுவதில்லை. “நீங்க உக்காருங்க அக்கா” என்பார்கள், அவ்வளவுதான். நானும் உட்கார்ந்துகொள்வேன். அன்றைக்கு எங்கள் வண்டியில் ஸ்டீரிங் பிடிக்கிற கோகிலாவை விட்டால் வேறு பொம்பளை இல்லாததால் தட்டு என்னிடம் வந்தது. அதை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்துக்கொண்டே போனேன், யாரோ பிடுங்கிக்கொள்ளப் போகிற மாதிரி.

முதலாளி நம் பக்கத்து ஆள்தான். வெள்ளைச் சட்டை, வாய் நிறையச் சிரிப்பு. “வாங்கம்மா, வாங்க அம்முணி, உக்காருங்க” என்று மோர் வரவழைத்தார். “நம்ம கம்பெனில டிரைவருங்கற பேச்சே இல்லீங்க. நீங்களும் ஒரு முதலாளி, நானும் ஒரு முதலாளி” என்றார். கோகிலா தொண்டையைச் செருமிக்கொண்டு, “ஏனுங்க, டீசலு…” என்று ஆரம்பித்தாள்.

“அதெல்லாம் ஒரு விசயமுங்களா அம்முணி? பார்த்துக்கலாமுங்க.”

“இல்லீங்க, முட்டை ஒடஞ்சா…”

“நம்ம புள்ளைங்களுக்குப் பண்ணாம வேற ஆருக்குப் பண்ணப் போறேன்? பார்த்துக்கலாமுங்க.”

அவர் சொல்வதில் கோபப்பட ஒன்றும் இல்லை. இத்தனை மரியாதையாகப் பேசுகிறவரிடம் மறுபடியும் மறுபடியும் எப்படிக் கேட்பது? கோகிலா அடுத்த கேள்விக்கு மூச்சு இழுப்பதற்குள் அவர் என் மடியைப் பார்த்துவிட்டார். “அட, அம்மா தட்டோடயே வந்திருக்கறாங்க! குடுங்கம்மா, உங்க கையால குடுங்க” என்று எழுந்து நின்று இரண்டு கையையும் நீட்டினார்.

என் கையால். இத்தனை வருசத்தில் அப்படி யாரும் சொன்னதில்லை. கொடுத்துவிட்டேன்.

(“நான் சொல்லவே இல்லையேம்மா” என்று கோகிலா இன்றைக்கும் கேட்பாள். அவள் சொல்லவில்லைதான்.)

அவர் தட்டைக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். “முடிஞ்சுதுங்க. நாளைக்கே வண்டியக் கொண்டாந்துருங்க” என்றார். கோகிலா திறந்த வாயை மூடிக்கொண்டாள். அவள் முகத்தைப் பார்த்த பிறகுதான் நான் என்ன செய்தேன் என்று எனக்கே புரிந்தது.

வண்டிக்கு வந்து உட்கார்ந்தோம். அவள் சாவியைத் திருகவில்லை. என்னைத் திட்டவும் இல்லை. “விடும்மா, உனக்கென்ன தெரியும்” என்றாள். கொஞ்ச நேரம் கழித்து ஸ்டீரிங்கைத் தடவிக்கொண்டே, “அப்பாவோட கொல்லைம்மா இது” என்றாள்.

திட்டியிருந்தால் நான் பாட்டுக்கு உட்கார்ந்திருப்பேன். அந்த வார்த்தைக்கு என்னால் உட்கார முடியவில்லை. இறங்கி உள்ளே போனேன்.

கேட்டில் வாட்ச்மேன், முதலாளி அதற்குள் கொடுத்தனுப்பியிருந்த என் சீப்பிலிருந்து ஒரு பழத்தை உரித்துக்கொண்டிருந்தார். “பழம் நல்லாருக்குதுங்கம்மா” என்றார். நான் அவரைத் தாண்டிப் போனேன்.

முதலாளி வெற்றிலையை அப்போதுதான் வாயில் அடக்கியிருந்தார். கன்னம் புடைத்திருந்தது.

“சாமி, அந்தத் தட்டு…” என்றேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை.

அவர் பாவம், பாத்திரத்தைத்தான் கேட்கிறேன் என்று எண்ணி, தேங்காயையும் மிச்ச வெற்றிலையையும் மேஜையில் கொட்டிவிட்டு வெறும் தட்டை நீட்டினார்.

“தட்டு மட்டும் இல்லீங்க சாமி. வெத்தலையும் வேணுமுங்க.”

அவர் தன் வாயைத் தொட்டுக் காட்டினார்.

எனக்கு என்ன பேய் பிடித்ததோ தெரியவில்லை. “அப்பச் செத்த மெல்லாம இருங்க சாமி. புள்ள கேக்க வேண்டியதக் கேக்கவே இல்லீங்க. கேட்டு முடிச்சப்பறம் மெல்லுங்க” என்றேன்.

அவர் அப்படியே நின்றுவிட்டார். பெரியவள் முன்னால் துப்பவும் முடியவில்லை, விழுங்கவும் முடியவில்லை. வாயைத் திறந்தால் வெள்ளைச் சட்டை சிவப்பாகிவிடும். நான் அவர் முகத்தைப் பார்க்காமல் சுவரில் இருந்த காலண்டரைப் பார்த்துக்கொண்டே, வழியெல்லாம் கேட்ட பாடத்தை ஒப்பிக்க ஆரம்பித்தேன்.

“டீசலு கம்பெனிதுங்களா?”

தலையை இல்லை என்று ஆட்டினார்.

“ஒடையற முட்டை எங்க தலைலீங்களா?”

ஆமாம் என்று ஆட்டினார்.

“லோடு இல்லாத நாளைக்கு ஏதாச்சும் உண்டுங்களா?” இல்லை. “காலி வண்டிக்கு?” இல்லை. “நாங்க வெளி லோடு ஏத்திக்கலாமுங்களா?” இதற்கு மட்டும் இரண்டு தடவை இல்லை.

வாய் நிறைய வெற்றிலை இருந்ததால் அவரால் “பார்த்துக்கலாமுங்க” என்று சொல்ல முடியாமல் போய்விட்டது. ஆமாம், இல்லை என்று ஆட்டத்தான் முடிந்தது. அவர் கெட்டவர் இல்லை என்றுதான் இப்போதும் நினைக்கிறேன். கேட்டதற்கு உள்ளதைத்தான் ஆட்டினார்.

அதோடு நான் நிறுத்தியிருக்கலாம். பாடம் தீர்ந்த தைரியத்தில் சொந்தமாக ஒன்று கேட்டேன். “கோழியே விரிசல் முட்டையா போட்டிருந்தா அது ஆரு கணக்குங்க சாமி?”

அவருக்குப் புரையேறிவிட்டது. இருமி, விக்கி, கண்ணில் தண்ணி வந்து, கடைசியில் சட்டையும் சிவந்துதான் போயிற்று. திரும்பிப் பார்த்தால் கோகிலா வாசலில் நிற்கிறாள். எப்போதிலிருந்து நின்றாளோ. நேராக வந்து தேங்காயை எடுத்துத் தட்டில் வைத்து, “மன்னிச்சுக்குங்க. எங்களுக்கு ஒத்து வராதுங்க. போயிட்டு வாரோமுங்க” என்றாள்.

அவர் தண்ணி குடித்துக்கொண்டே கேட் பக்கம் பார்த்து, “ஏப்பா, அந்தப் பழத்தையும் குடுத்துரு” என்றார். வாட்ச்மேன் சீப்போடு, பாதி கடித்த பழத்தையும் சேர்த்து நீட்டினார். வேண்டாம் என்று சொல்லக் கூச்சமாக இருந்தது. அதையும் வாங்கிக்கொண்டேன்.

வண்டி கொஞ்ச தூரம் போயிற்று. அப்புறம் கோகிலா என் கையைப் பார்த்தாள். நான் அந்தப் பாதிப் பழத்தைத் தேங்காய்க்குப் பக்கத்தில் பத்திரமாக வைத்துக்கொண்டிருந்தேன். வண்டியை ஓரம் கட்டிவிட்டுச் சிரித்தாள், சிரித்தாள், பின்னால் வந்த பஸ்காரர் ஹாரன் அடிக்கிற வரைக்கும் சிரித்தாள்.

ஆனால் அதோடு எல்லாம் நல்லபடியாகிவிட்டது என்று எழுத மாட்டேன். அப்புறம் ரொம்ப நாள் வண்டி வாசலிலேயே நின்றது. தவணை வரும்போதெல்லாம், வந்த சோற்றை நான்தான் தட்டிவிட்டேனோ என்று இருக்கும். நாமகிரிப்பேட்டைப் பக்கம் மரவள்ளிக் கிழங்கு வெட்டு ஆரம்பித்த பிறகுதான் லோடு வந்தது. இப்போது ஓடுகிறது. வாடகை பேசாமல் அவள் ஒரு கிழங்கைக்கூட ஏற்றுவதில்லை. அந்தக் கம்பெனியில் வேறு ஒருத்தர் வண்டியோடு சேர்ந்தார், அவரைச் சந்தையில் பார்ப்பதுண்டு. நல்லா இருக்கிறாரா என்று கேட்க ஆசை. கேட்கத்தான் கூச்சம்.

மருமகன் எங்கே இருந்து போன் செய்தாலும் முதல் கேள்வி, “அத்தை, மென்னுட்டாங்களா?” என்பதுதான். கடையில் சேலை எடுத்தாலும், சீட்டுச் சேர்ந்தாலும், எங்கள் வீட்டில், “செத்த மெல்லாம இருங்க சாமி” என்று ஒருத்தர் சொல்லாமல் காரியம் முடியாது.

போன தை மாசம் என் நாத்தனார் பேத்திக்கு நிச்சயம். நான் வழக்கம் போல் ஓரமாக உட்கார்ந்திருந்தேன். தட்டு மாற்றுகிற நேரத்தில் கோகிலா ஒரு தட்டைத் தூக்கிக்கொண்டு வந்து என் கையில் வைத்துவிட்டு, மாப்பிள்ளை வீட்டாரைப் பார்த்து, “கேக்கறதெல்லாம் இப்பவே கேட்டுக்குங்க. எங்கம்மா குடுத்தா வாயில இருக்கறதக்கூடத் திருப்பி வாங்கிக்கும்” என்றாள். கூடமே சிரித்தது. அந்தச் சிரிப்பில், யார் கையில் தட்டு இருக்கிறது என்று ஒருத்தரும் பார்க்கவில்லை. நான் எழுந்து போய்க் கொடுத்துவிட்டு வந்தேன்.

இதில் தப்பு இருக்கும். அது பூவன் பழமா ரஸ்தாளியா என்று எனக்கு ஞாபகம் இல்லை. தேங்காயை நாங்கள் முழுசாகக் கொண்டு வந்தோம் என்கிறேன் நான், விரிசல் விட்டிருந்தது என்கிறாள் கோகிலா. யாராவது அவளைக் கேட்டுச் சரிபார்த்துத் திருத்திக் கொடுத்தால் நல்லது. நான் கேட்டால் சிரிக்க ஆரம்பித்துவிடுகிறாள்.